மாத்திரையோடு பயிற்சியும் வேண்டும்
(மே 24, உலக மனச்சிதைவு நோய் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, மனநலப் பிரிவின் மூத்த மருத்துவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த வணிகர் சங்கப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: மறதி, மருந்து, வேலை. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்வது இதுதான்.

காதில் குரல் கேட்பதும் வீண் சந்தேகமும்தான் மனச்சிதைவு என்று நினைக்கிறோம். கவனம் நிற்காது, கேட்டது மனதில் தங்காது, அடுத்து என்ன செய்வது என்று திட்டமிட வராது. இவையும் அந்த நோய்தான். பலருக்குக் குரல் கேட்பதற்கு முன்பே இவை தொடங்கிவிடுகின்றன. 1950களில் தொடங்கி வந்த மருந்துகள் குரலை அடக்குகின்றன, நினைவாற்றலைப் பெரிதாக மீட்பதில்லை. வீட்டில் இந்த மறதிக்கு வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. அம்மா கடைக்கு அனுப்பினார்: அரைக் கிலோ துவரம்பருப்பு, புளி, சலவை சோப்பு. சோப்போடு மட்டும் திரும்பினான். "வேணும்னே பண்றான்" என்று அப்பா கத்தினார். நடந்தது என்ன? கடையில் கூட்டம், ரேடியோ சத்தம். "எந்த சோப்பு?" என்று கேட்டதுமே மற்றதெல்லாம் நழுவிவிட்டது. அரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறான். கவனித்த கடைக்கார அண்ணாச்சி அம்மாவிடம், "அக்கா, இனிமே எழுதிக் கொடுத்து விடுங்க" என்றார். முதலில் ஒரு பொருள், அப்புறம் இரண்டு, மூன்று. சில மாதம் போனதும் அண்ணாச்சியே, "வா தம்பி, பொட்டலம் கட்டு" என்று கூப்பிட்டுக்கொண்டார். சட்டைப் பையில் இன்றும் சீட்டு இருக்கிறது, இருக்கட்டும்! காலையில் கடை திறப்பது அவன்தான். பட்டம் வாங்காத அந்த அண்ணாச்சிக்கு ஒருமுறை கை தட்டுங்கள்.

சித்திரமும் கைப்பழக்கம்! கவனத்துக்கும் நினைவுக்கும் முறையான பயிற்சி உண்டு. வேலைப் பயிற்சியோடு சேரும்போது அது கூடுதலாகப் பலன் தருகிறது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி மறுவாழ்வுப் பணிக்கு வழி காட்டினார். நம் மாவட்ட மருத்துவமனையில் மாத்திரை கிடைக்கிறது, பயிற்சி கிடைப்பதில்லை.

மருந்தைப் பற்றி ஒன்று மட்டும். மனச்சிதைவு மருந்தால் வரும் கை நடுக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகள் மறதியைக் கூட்டலாம். மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆட்சியர் அவர்களே, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயையும் சேர்த்திருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் ஒரு பகல்நேரப் பயிற்சி மையம், ஒரு பயிற்சியாளர். இதுவே எங்கள் கோரிக்கை. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.