கண்டெய்னர் லாரி விட்ட சந்து: விலை 9,52,000 ரூபாய்!

[திரையில்: காலை நேரம், எண்ணூர் விரைவு சாலை. முன்னால் ஒரு 40 அடி கண்டெய்னர் லாரி மூக்கை வலது பக்கம் வளைக்கிறது. இடது பக்கம் ஒரு பைக் நுழைகிற அளவு இடம்.]

இந்த லாரி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது? வலது என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்கிய கையை இறக்காதீர்கள், இதோ லாரி இடது பக்கம் திரும்புகிறது. நீங்கள் "வழி விட்டுட்டான்பா" என்று சந்தோஷமாக நுழைந்த அந்தச் சந்து இப்போது இல்லை. அங்கே பின்சக்கரம் இருக்கிறது.

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் இருப்பவர்கள் இந்த வீடியோவைப் பாதியில் விட்டுப் போகாதீர்கள். லாரி அகலமாக வளைந்து திரும்பும்போது விபத்து நடந்தால் சட்டப்படி யார் பொறுப்பு, யார் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் இன்றைய விஷயம். தலைப்பில் போட்ட 9,52,000 கணக்கும் வரும். அது க்ளிக்குக்காகப் போட்ட நம்பர் இல்லை. சரி, கொஞ்சம் க்ளிக்குக்காகவும்தான்.

பின்னணியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு மேலே காட்டுப்பள்ளி. மூன்றுக்கும் போகிற, வருகிற பெட்டிகள் நம் தெருக்கோடி வழியாகத்தான் போகின்றன. போதும், இது உங்களுக்கே தெரியும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். லாரி ஏன் இடது பக்கம் திரும்ப வலது பக்கம் போகிறது? திமிரா?

வீட்டில் சைக்கிள் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இரண்டு சக்கரத்தையும் நனைத்து, காய்ந்த தரையில் வளைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு தடம் விழும். பின்சக்கரத்தின் தடம் முன்சக்கரத்தின் தடத்துக்கு உள்பக்கமாக இருக்கும். பின்சக்கரம் ஒரு நாளும் முன்சக்கரம் போன வழியே போகாது. குறுக்கு வழியில்தான் போகும். சைக்கிளில் இது சில விரற்கடை வித்தியாசம், நாம் கவனிப்பதே இல்லை. அந்தச் சைக்கிளை இழுத்து இழுத்து 50 அடிக்கு நீட்டினால் அதுதான் ட்ரெய்லர்.

[திரையில்: கரும்பலகையில் வட்டம், செங்கோண முக்கோணம்.]

பத்தாம் வகுப்புக் கணக்குப் பயம் உள்ளவர்கள் அரை நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம். ட்ரெய்லரை இழுக்கிற முன்வண்டியில், பெட்டி வந்து மாட்டுகிற இடம் 12 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுகிறது என்று வையுங்கள். அங்கிருந்து ட்ரெய்லரின் பின்சக்கரம் வரை 9 மீட்டர். பிதாகரஸ் தாத்தாவைக் கூப்பிட்டால் 144-இல் 81 போக 63, அதன் வர்க்கமூலம் சுமார் 7.9. முன்பக்கம் 12 மீட்டர் ஆரத்தில் சுற்றும்போது பின்சக்கரம் 7.9 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது. 4 மீட்டர் உள்ளே! மூன்று ஆட்டோவை ஒட்டி நிறுத்தினால் வருகிற அகலம். இது முழு வட்டம் சுற்றினால் வருகிற கணக்கு. ஒரு முனையில் திரும்பும்போது இதைவிடக் குறைவாக வரும். குறைந்தாலும் பைக்கும் பைக்கில் இருப்பவரும் அடங்குகிற அகலம்தான்.

அதனால் டிரைவர் முதலில் வலது பக்கம் ஒதுங்கி, முனையைத் தாண்டி முன்னே போய், அப்புறம்தான் இடது பக்கம் ஒடிக்கிறார். ஓரத்தை ஒட்டியே திரும்பினால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறி டீக்கடை பாய்லரை முத்தமிடும். ஆக, அந்த இடைவெளி உங்களுக்கு விட்ட வழி இல்லை. அது ட்ரெய்லர் தன் பின்பாதிக்காகப் போட்டு வைத்த துண்டு, பஸ் சீட்டில் ஜன்னல் வழியாகப் போடுவோமே, அந்த மாதிரி. அந்த இடம் மூடுவதும் பாக்குவெட்டி மூடுவது போலத்தான். உள்ளே போகிறவரைக்கும் அகலமாக இருக்கும்.

திருவொற்றியூர் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மாடவீதி முனையில் தேர் திரும்பும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஆட்கள், வடம் பிடிக்க ஆட்கள், "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று கத்த ஆட்கள். தேர் திரும்புகிற உள்முனையில் யாரையும் நிற்க விடமாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வருகிற தேருக்கு இவ்வளவு ஏற்பாடு. தினமும் வருகிற ட்ரெய்லருக்கு ஒரு கிளீனர், பல வண்டிகளில் அவரும் கிடையாது.

நானே ஒரு முறை இந்தச் சந்தில் நுழைந்திருக்கிறேன். கல்லூரிக்கு லேட். பைக்கின் இடது கண்ணாடி கம்பத்தில் உரச, வலது பக்கம் ட்ரெய்லரின் டயர் என் முழங்காலுக்கு அருகில் சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவருக்கு நான் இருந்ததே தெரியாது. டீக்கடையில் நின்றவர்கள் கத்தியதால் வண்டி நின்றது. அந்த அண்ணன் இறங்கி வந்து திட்டவில்லை, தண்ணீர் பாட்டிலைத்தான் நீட்டினார். கை அவருக்கும் நடுங்கியது.

சரி, சட்டம். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. இடது பக்கம் திரும்புகிற வண்டி சாலையின் இடது ஓரத்தை ஒட்டித் திரும்ப வேண்டும் என்பதுதான் பொது விதி. ட்ரெய்லரால் அது பல முனைகளில் முடியவே முடியாது. அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: முன்னால் போகிற வண்டியை இடது பக்கமாக முந்தக் கூடாது. முக்கியமான விலக்கு, அந்த வண்டி வலது பக்கம் திரும்பப் போவதாகச் சைகை காட்டி நடுவுக்கு வந்திருந்தால். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வழக்கே இன்டிகேட்டரில் போய் நிற்கிறது.

லாரியில் இடது இன்டிகேட்டர் எரிந்தது, நீங்கள் இடது பக்கமாகவே நுழைந்தீர்கள் என்றால் உங்கள் பங்குக்கும் தவறு உண்டு. இன்டிகேட்டரே எரியவில்லை, அல்லது வலது பக்கம் எரிந்தது என்றால் பாரம் டிரைவர் பக்கம் சாய்கிறது. அவர் அந்த இடத்தைத் திறந்துவிட்டவர், அது மூடப்போகிறது என்று தெரிந்தவரும் அவர்தான். ஓரம் ஒட்டித் திரும்ப முடியாத வண்டியை ஓட்டுகிறவர் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. "பெரிய வண்டி மேலதான் எப்பவும் தப்பு" என்று தெருவில் சொல்வார்களே, வாகன விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கிற தீர்ப்பாயம் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லாது. சதவீதமாகப் பிரிக்கும்.

பிரித்தால் என்ன ஆகும்? இதோ வாக்குக் கொடுத்த கணக்கு.

30 வயது, சொந்தத் தொழில், மாதம் 20,000 சம்பாதித்தவர் இறந்துவிட்டார். மனைவி, ஒரு குழந்தை, அம்மா. உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் கொடுத்த வாய்ப்பாடுதான் நாடு முழுக்க. 40 வயதுக்குள் சொந்தத் தொழில் என்றால் எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டு: மாதம் 28,000, வருஷத்துக்கு 3,36,000. அவர் தனக்காகச் செலவழித்திருப்பார் என்று மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 2,24,000. இதை எத்தனை வருஷத்தால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஒரு எண் உண்டு, 30 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 17. மொத்தம் 38,08,000. ஈமச்சடங்குச் செலவு போன்ற சில்லறைத் தலைப்புகள் தனி.

இப்போது தீர்ப்பாயம் "சந்துக்குள் நுழைந்தது இவர் தவறு, 25 சதவீதம்" என்கிறது. 38,08,000-இல் கால்வாசி, 9,52,000 ரூபாய், குடும்பத்துக்குக் கிடைக்காது. மூன்று நொடி மிச்சம் பிடிக்கப் போன சந்தின் விலை.

ஆனால் அதே பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்? இதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பின்னால் இருந்தவர் வண்டி ஓட்டவில்லை, அதனால் ஓட்டியவரின் 25 சதவீதம் அவர் தலையில் விழாது. இரண்டு பேர் தவறால் அடிபட்ட மூன்றாம் ஆள் அவர். முழுத் தொகையையும் லாரி பக்கத்திடமே கேட்கலாம், 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. லாரி பக்கமும் பைக் பக்கமும் அப்புறம் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளட்டும். இனிமேல் பில்லியனில் இருக்கிற நண்பர் "நீ ஓட்டு மச்சி, எனக்குச் சட்டம் இருக்கு" என்று சொன்னால் நான் பொறுப்பில்லை.

இன்னொன்று. பைக்கில் மூன்று பேர் போனால் கேஸ் போச்சு என்று சொல்வார்கள். போகாது. மூன்று பேர் போனதால்தான் விபத்து நடந்தது, அல்லது அதனால்தான் காயம் கூடியது என்று காட்டினால்தான் கழிப்பார்கள். 2020 தீர்ப்பு. அபராதம் தனி. அதற்காக மூன்று பேர் போகாதீர்கள், அம்மா சத்தியமாக.

காசு யார் தருவார்கள்? டிரைவர் அண்ணன் இல்லை. அவர் செய்த தவறுக்கு ஓனர் பொறுப்பு, ஓனருக்காக இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி ரோட்டுக்கே வரக் கூடாது. டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இல்லையென்றால் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். அந்த மாதிரி நேரங்களில் பெரும்பாலும் உங்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். லாரியை விற்றும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாத பழைய ஓனரும் மாட்டுவார், 2018 தீர்ப்பு. வண்டி விற்கிறவர்கள் இதை இரண்டு முறை கேளுங்கள். பக்கவாட்டுத் தடுப்புக் கம்பி பிடுங்கிய ட்ரெய்லர் என்றால் அதையும் போட்டோ எடுங்கள். ஆள் சக்கரத்துக்கு அடியில் போகாமல் தடுப்பதற்கு என்றே விதிகளில் இருக்கிற கம்பி அது.

கிரிமினல் வழக்கு ஒரே மூச்சில்: உயிர் போனால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106(1), 5 ஆண்டு வரை சிறை, அந்த வழக்கில் டிரைவர் விடுதலை ஆனாலும் இழப்பீட்டு வழக்கு அதனால் மட்டும் சாகாது, இரண்டும் வேறு வேறு தராசு.

யார் தவறு என்ற சண்டையே வேண்டாம் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவு இருக்கிறது: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். நம் கணக்கில் இருக்கிற 38 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழுத் தொகைக்கு 166-வது பிரிவில் மனு போட வேண்டும். சென்னைக்கு அது பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம். இந்த மனுவைத்தான் வக்கீல்கள் "எம்.சி.ஓ.பி." என்பார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் எழுதியிருக்கும் கெடு 6 மாதம். தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் உட்காராதீர்கள், வக்கீலிடம் கேளுங்கள். லாரி நிற்காமல் போய், எந்த வண்டி என்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 அரசுத் திட்டத்தில் உண்டு.

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடும்போது இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதனால் கூட இருப்பவர் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு, போடும்போது "கீழே விழுந்துட்டார்" என்று சொல்லாதீர்கள், லாரி மோதியது என்று நம்பரோடு சொல்லுங்கள். அந்த ஒரு வரியை வைத்து இன்சூரன்ஸ் வக்கீல் ஒரு வருஷம் கேள்வி கேட்பார். ட்ரெய்லரில் முன்வண்டிக்கு ஒரு நம்பர், பின்னால் பெட்டி இருக்கும் ட்ரெய்லருக்கு ஒரு நம்பர், இரண்டையும் எடுங்கள். போலீஸ் போடும் ரஃப் ஸ்கெட்ச்சில் லாரி எந்த இடத்தில் நின்றது, பைக் எங்கே கிடந்தது என்று இருக்கிறதா பாருங்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் இன்டிகேட்டர் எரிகிற பக்கம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. அப்புறம் முனையில் இருக்கிற மளிகைக் கடை, பேங்க், பெட்ரோல் பங்க் கேமரா. பல இடங்களில் பழைய பதிவு மேலேயே புதியது பதிந்துவிடும், அதனால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு போலீசிடம் அன்றைக்கே எழுதிக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். தூக்கிக்கொண்டு போனவரை யாரும் வழக்கில் மாட்டிவிட முடியாது, நல்லெண்ணத்தில் உதவுகிறவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது.

ட்ரெய்லர் ஓட்டுகிற அண்ணன்மார் யாராவது பார்த்தால், மணலியிலோ காசிமேட்டுப் பக்கமோ எந்த முனை திரும்புவதற்கு மோசம் என்று கமென்டில் எழுதுங்கள், கேமராவோடு வருகிறேன். வண்டியில் ஏற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. மற்றவர்கள் சைக்கிளை நனைத்து ஓட்டி, பின்தடம் எத்தனை விரற்கடை உள்ளே விழுந்தது என்று அளந்து போடுங்கள். என் தங்கை சைக்கிளில் நான்கு விரல் வந்தது, அதுவும் அவள் சீட்டில் உட்கார்ந்து என்னைத் தள்ளச் சொன்னாள்.