கொச்சி யூதப் பெண்களின் பாட்டு நோட்டுகள்

காட்சி: பழுப்பேறிய ஒரு நோட்டுப் புத்தகம். நெருக்கமான மலையாளக் கையெழுத்து. ஓரங்கள் உதிர்ந்த பக்கங்கள் மெதுவாகப் புரள்கின்றன.

வணக்கம். இந்த மாதிரி நோட்டில் இருக்கும் மொழி மலையாளம். எழுதியவர் ஒரு யூதப் பெண். கல்யாணப் பாட்டு, வாழ்த்துப் பாட்டு, யோசேப்பு கதை, மோசே கதை, எஸ்தர் கதை என்று பக்கத்துக்குப் பக்கம் பாட்டுதான். ஆனால் எந்தப் பாட்டுக்கும் மேலே ராகமோ தாளமோ எழுதியிருக்காது. வரிகள் மட்டும் இருக்கும். மெட்டு பாடுகிறவர்களின் தொண்டையில் இருந்தது.

கேரளத்து யூதப் பெண்களின் நோட்டுகளில் இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் கிடைத்திருக்கின்றன. நமக்குக் கிடைத்த நோட்டுகளில் பழையவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பாட்டுகள் அதைவிடப் பழையவை. அம்மாவின் நோட்டைப் பார்த்து மகள் எழுதிக்கொள்வாள், அவளுடையதைப் பார்த்து அவள் மகள்.

இந்தப் பாட்டுகளைக் காப்பாற்றியது நோட்டுகள்தான் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வரிகளைக் காப்பாற்றியது நோட்டு. பாட்டைக் காப்பாற்றியது விசேஷ வீடு. கல்யாணம், பண்டிகை, விருந்து என்று பெண்கள் கூடிய இடங்கள் இல்லையென்றால் இந்த நோட்டுகள் வெறும் காகிதம். இந்த வீடியோ அந்த இடங்களைப் பற்றியது.

காட்சி: கேரள வரைபடம். மாளா, சேந்தமங்கலம், பறவூர், எர்ணாகுளம், மட்டாஞ்சேரி ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.

முன்கதை சுருக்கமாக. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிச் செப்பேடு கொடுத்தான். அதன் எழுத்து வட்டெழுத்து. அதன் மொழியைத் தமிழ் படித்தவர்கள் இன்றும் ஓரளவு தடவிப் பிடித்துவிடலாம். 20ஆம் நூற்றாண்டில் இந்த ஐந்து ஊர்களில் எட்டு ஜெப ஆலயங்கள் இருந்தன. மட்டாஞ்சேரியில் மட்டும் மூன்று; அவற்றில் ஒன்றுதான் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம், சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் போகிற இடம். இஸ்ரேல் உருவான 1948இல் கேரளத்தில் யூதர்கள் மொத்தம் ஏறக்குறைய 2,500 பேர். இவ்வளவு சின்னக் கூட்டத்திடம் இவ்வளவு பாட்டு இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சி: ஜெப ஆலயத்தின் உள்ளே. கேமரா தரையிலிருந்து மாடத்துக்கு ஏறுகிறது.

இங்கே கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் கட்டடமே ஒரு சேதி சொல்கிறது. யூதர்களின் வழிபாட்டில் தோரா என்ற வேதச் சுருளை வைத்துப் படிக்க ஒரு மேடை உண்டு. உலகத்தின் மற்ற இடங்களில் பெரும்பாலும் அது தரைத்தளத்தில் இருக்கும். கேரளத்து ஆலயங்களில் கீழே ஒன்று, மேலே மாடத்தில் இன்னொன்று என்று இரண்டு மேடைகள். மேல்மாடத்து மேடைக்குப் பின்னால், மரத்தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம், பெண்கள் உட்காரும் இடம். விசேஷ நாட்களில் வாசிப்பு மேலே நடக்கும்போது, மிக அருகிலிருந்து கேட்டவர்கள் பெண்கள்தான். கேட்டுக் கேட்டே எபிரேயப் பாட்டுகள் அவர்களுக்கு மனப்பாடம். பெண் குழந்தைகளுக்கும் எபிரேயம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

இன்னொரு விஷயம். வைதீகமான யூதச் சமூகங்கள் பலவற்றில் பெண் பாடுவதை வெளி ஆண்கள் கேட்கக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. கேரளத்தில் அப்படி இல்லை. வீட்டுப் பந்தியில் ஆண்களோடு சேர்ந்து எபிரேயப் பாட்டை வாய்விட்டுப் பாடினார்கள். மலையாளப் பாட்டு வந்தால் பெண்கள் பாட, ஆண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். இந்தச் சமூகத்தின் பெரிய அழகு இதுதான் என்பது என் எண்ணம். பரதேசி ஆலயத்தின் சீனத்து நீலத் தரை ஓடுகளைப் பற்றிப் பேசுகிற வாய்கள் இதைப் பற்றியும் பேச வேண்டும்.

காட்சி: பழைய கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படங்கள். முண்டும் சட்டையும் அணிந்த பெண்கள்.

சரி, எப்போது பாடினார்கள்? முதலில் கல்யாணம். அந்தக் காலத்தில் கல்யாணம் என்றால் நாள் கணக்கில் கொண்டாட்டம். மணப்பெண்ணைச் சடங்கு நீராடலுக்கு அழைத்துப் போக ஒரு பாட்டு, அவளுடைய கூந்தலையும் நகையையும் வர்ணிக்க ஒரு பாட்டு, மணமகனை வாழ்த்த ஒரு பாட்டு. மணமகளுக்குத் தாலி கட்டுகிற வழக்கமும் இவர்களிடம் இருந்தது. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண்களின் கல்யாணப் பாட்டுகளோடு இவற்றுக்கு நெருங்கிய உறவு உண்டு. அமைப்பும் சொல்லும் பல இடங்களில் ஒத்துப்போகும். ஒரே தெருவில், ஒரே கடைவீதியில் வாழ்ந்தவர்கள். பாட்டுக்கு மட்டும் எப்படி வேலி போட முடியும்?

வாத்தியம் எதுவும் வேண்டியதில்லை. கைதட்டல் போதும். சில பாட்டுகளுக்குப் பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி ஆடினார்கள். பெயரும் கும்மிதான், நம் ஊர்க் கும்மியேதான்.

அடுத்தது சிம்ஹத் தோரா. ஆண்டு முழுக்கப் பகுதி பகுதியாகப் படித்து வந்த தோராவை முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் நாள். எல்லா ஊர் யூதர்களும் அன்றைக்குச் சுருள்களைக் கையில் ஏந்தி ஆலயத்துக்குள் சுற்றி வருவார்கள். கேரளத்துக்காரர்கள் அதோடு விடவில்லை. பிற்பகலில் சுருள்களை ஆலயத்துக்கு வெளியே எடுத்து வந்து, கட்டடத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டே வலம் வருவார்கள். உள்ளே பட்டும் மல்லிகைச் சரமும் தொங்கும். தேங்காய் எண்ணெய் விளக்குகளை அடுக்கடுக்காக ஏற்றிய, கூம்பு போல் உயர்ந்த ஒரு விளக்குக் கோபுரம் வைப்பார்கள். மனாரா என்று அதற்குப் பெயர். திருவிழா பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

காட்சி: பச்சைக் கிளி ஓவியம்.

நோட்டுக்கு நோட்டு வருகிற ஒரு பாட்டைச் சொல்லியாக வேண்டும்: கிளிப்பாட்டு. அழகான ஒரு கிளியைப் பார்த்துப் பேசுகிற பாட்டு. கேரளத்தில் கிளியை முன்னிறுத்திப் பாடுவது பழைய மரபு. எழுத்தச்சனின் இராமாயணமே கிளி சொல்வதாக அமைந்ததுதான். அந்த மரபை யூதப் பெண்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கிளி, இடம் தேடி வந்த அவர்களுடைய முன்னோராகவே படுகிறது. ஜெப ஆலயங்கள் எழுந்த கதையைச் சொல்லும் பாட்டுகளும் உண்டு. அதில் ஒன்று, ஏவராயி என்ற படித்த மனிதர் ஜெருசலேமிலிருந்து கிளம்பி எகிப்து, யேமன், பாரசீகம் வழியாகக் கேரளத்துப் பாலூருக்கு வந்து சேர்ந்த கதை. வரலாற்றுச் சான்றாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதை ஒரு சமூகம் தன் பெண்களின் வாயால் வைத்திருந்தது என்பதற்கு இது சான்று.

இப்போது கசப்பான ஒரு பகுதி. இந்தியாவில் யூதர்களுக்குத் துன்பமே இல்லை என்று பெருமையாகச் சொல்வோம். வெளியிலிருந்து துன்பம் குறைவுதான். ஆனால் அவர்களுக்குள்ளேயே நம் ஊர்ச் சாதியைப் போல ஒன்று இருந்தது. பரதேசிகள், அதாவது பிற்காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள், மற்ற யூதர்களோடு பெண் கொடுத்து எடுக்கவில்லை. பரதேசி ஆலயத்திலேயே, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்பட்ட குடும்பங்களுக்குச் சம உரிமை தரவில்லை. அந்தக் குடும்பங்களில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியின் வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார்.

இவ்வளவு பிரிவு இருந்தும், நோட்டுகளை அடுக்கி ஒப்பிட்டால், ஒரே பாட்டுகள் இரண்டு தரப்பிலும் கிடைக்கின்றன. பரதேசிப் பெண்ணின் நோட்டில் இருக்கும் பாட்டு எர்ணாகுளத்துப் பெண்ணின் நோட்டிலும் இருக்கிறது, சேந்தமங்கலத்துப் பெண்ணின் நோட்டிலும் இருக்கிறது. ஆண்கள் ஒரே ஆலயத்தில் சமமாக உட்கார மறுத்த காலத்தில், பெண்கள் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

காட்சி: 1950களின் கப்பல், விமானப் படங்கள். பிறகு இஸ்ரேலின் வறண்ட நிலம்.

1950களில், குறிப்பாக 1954, 1955இல், கேரளத்து யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெகேவ் பாலைநிலத்தில் நேவாத்திம், ஜெருசலேம் போகும் வழியில் மெசிலாத் சியோன் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் இடம் கிடைத்தது. தேங்காயும் மழையும் பார்த்து வளர்ந்தவர்கள் பாலைவனத்தில் கோழிப்பண்ணை வைத்தார்கள். நோட்டுகளும் கூடப் போயின.

பிள்ளைகள் எபிரேயத்தில் படித்தார்கள். மலையாளம் பாட்டிமாரின் மொழியாகச் சுருங்கியது. கல்யாண முறைகள் மாறின. நோட்டு பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது, பாட்டு மறந்துகொண்டிருந்தது. நான் முதலில் சொன்னது இதைத்தான். பாட வேண்டிய சந்தர்ப்பம் போனால், எழுதி வைத்தது கை கொடுக்காது.

1970களில் தேடல் தொடங்கியது. பார்பரா ஜான்சன் என்ற அமெரிக்க மானிடவியலாளர், ஷெர்லி ஐசன்பர்க், கேரளத்தில் பி. எம். ஜுஸ்ஸே ஆகியோர் நோட்டுகளைத் தேடிப் பிரதி எடுத்தார்கள். மூத்த பெண்களைப் பாடச்சொல்லிப் பதிவு செய்தார்கள். 1912இல் கொச்சியில் பிறந்து, 1951இல் இஸ்ரேலில் குடியேறிய ரூபி டேனியல் என்ற பெண்மணி பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார். பிற்பாடு மலையாள அறிஞர் ஸ்கரியா ஸக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் சேர்ந்து உழைத்தார்கள். லேசான வேலை இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதியதில் சொற்கள் சிதைந்திருக்கும். பாடுகிறவருக்கே சில வரிகளின் பொருள் தெரியாது. ஒரே பாட்டின் நாலைந்து வடிவங்களை அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்துத்தான் மூல வரியைப் பிடிக்க வேண்டும். 2004இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் ஒரு குறுந்தகடு வெளியிட்டது. அடுத்த ஆண்டே மலையாளமும் எபிரேயமும் சேர்ந்த பாட்டு நூல் வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பெண்கள் மறுபடி கூடினார்கள். நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள், குழுவாக மேடை ஏறினார்கள். பேரப்பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். மேடை வேறு, கல்யாண வீடு வேறு என்பது எனக்குத் தெரியும். மணப்பெண் குளிக்கப் போகும்போது பாட வேண்டிய பாட்டை, மணப்பெண்ணே இல்லாமல் மைக் முன்னால் பாடுவதில் ஒரு வெறுமை இருக்கத்தான் செய்யும். ஆனாலும் நான் மேடையின் பக்கம்தான். மெட்டு ஒரு முறை வாயில் வந்தால்தான் அடுத்த காதுக்குப் போகும். பழைய மாதிரியே நடந்தால்தான் ஆச்சு என்று அடம் பிடித்தால் எதுவும் மிஞ்சாது.

காட்சி: சேந்தமங்கலம், பறவூர் ஆலயங்களின் இன்றைய தோற்றம்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சேந்தமங்கலம், பறவூர் ஜெப ஆலயங்களைப் புதுப்பித்து, முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தில் அருங்காட்சியகங்களாக வைத்திருக்கிறார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஆலயத்தின் உள்வேலைப்பாடுகள் இப்போது ஜெருசலேமில், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எங்கே போனாலும் கீழே உள்ள சரவிளக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நிமிர்ந்து, மேலே இருக்கும் இரண்டாவது மேடையையும் அதன் பின்னால் உள்ள மரத்தட்டியையும் பாருங்கள்.

போவதற்கு முன் பதிவுகளைக் கேட்டுவிடுங்கள். கிளிப்பாட்டிலிருந்து தொடங்கலாம். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். சொற்கள் பழையவை, நம் காதுக்குப் பல இடங்களில் பிடிபடும். முதல் தடவை பொருளைத் தேடாமல், கைதட்டலை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை வரிகளுக்கு வரலாம்.