வலிக்கு எத்தனை சொல்

(தாராவித் தமிழர் கூட்டமொன்றில், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் கேர், அதாவது கடும் நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்புச் செவிலியர் ஒருவர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நிற்கிற அக்காமாருக்கும் சேர்த்துத்தான்.

நமக்குத் தெரிந்த இந்தியில் வலிக்கு ஒரே சொல்: 'தர்த் ஹை.' ஆஸ்பத்திரி வரிசையில் நாலு மணி நேரம் நின்று, டாக்டர் முன்னால் நம் ஆச்சிமார் சொல்வது அவ்வளவுதான். அதே ஆச்சி வீட்டில் என்னிடம் 'எரியுது' என்பார், 'குடையுது' என்பார், 'சுண்டி இழுக்குது', 'முறுக்குது' என்பார். ஒவ்வொன்றும் ஒரு தனிச் சேதி. எரிவதும், கரண்ட் பாய்ந்த மாதிரி சுண்டி இழுப்பதும் பெரும்பாலும் நரம்பு வலி. அதற்கு மார்பின் என்ற கடும் வலிக்கான மருந்து மட்டும் போதாமல் போகலாம், வேறு மாத்திரை சேர்க்க வேண்டிவரும். புரண்டு படுத்தாலே குடைகிறது என்றால், புற்று எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முறுக்குவதைப் பிறகு சொல்கிறேன். அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது.

90 அடி ரோட்டை ஒட்டிய சந்து. கீழே பத்துக்குப் பத்து அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே படுக்கை. மார்பகப் புற்று வந்த ஆச்சி. 'வலி எப்படி இருக்கு?' என்றேன். 'பரவால்லட்டி.' கீழே மருமகள் இட்லி வியாபாரத்துக்கு மாவு ஆட்டிக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் பெருமூச்சு விட்டாலும் கீழே கேட்கும். பரவால்ல என்றுதானே சொல்வார்?

தலையைப் பார்த்தேன். எண்ணெய் கண்டு நாலு நாள் இருக்கும், பின்னல் பாதி அவிழ்ந்து கிடந்தது. 'தலை யார் பின்னி விட்டாங்க ஆச்சி?' என்று கேட்டேன். 'கையத் தூக்க முடியலட்டி, தோள்ல இருந்து விரல் வரைக்கும் எரியுது.' அந்தச் சொல்லை அப்படியே குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுத்தேன். மருந்து மாறியது.

மார்பின் என்றதும் மகனுக்குப் பயம். அடிமையாகிவிடுவாள், சீக்கிரம் போய்விடுவாள் என்று மாத்திரையை ஒளித்து வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, அந்தக் கெடுபிடிக்குப் பயந்து மார்பின் வைப்பதையே நிறுத்திய ஆஸ்பத்திரிகள் உண்டு. 2014 திருத்தத்தில்தான் சட்டம் இளகியது. லண்டனில் 1967-இல் ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக் காலத்து நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாக இருந்து டாக்டரானவர். நோயாளி வலியில் கத்தும்வரை காத்திருக்காமல் மணி பார்த்து மருந்து கொடுக்கும் முறைக்காக வாதாடியவர். காலை 6, 10, பகல் 2, மாலை 6, ராத்திரி 10-க்கு இரட்டை அளவு, தூங்கட்டும் என்று. இதை மகனுக்குச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டித்தான் புரியவைத்தேன். நம் பக்கத்திலேயே, மாகிம் கழிமுகம் தாண்டி பாந்த்ராவில், 1986-இல் நாட்டின் முதல் ஹாஸ்பிஸ் வந்தது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி என் தப்பு. மார்பின் சாப்பிட்டால் மலச்சிக்கல் வரும், அநேகமாக எல்லாருக்கும். பேதி மருந்தையும் கூடவே கொடுக்கவேண்டும். சீட்டில் இருந்தது, ஆனால் நான் வாயால் சொல்லவில்லை. அன்று இன்னும் ஆறு வீடு பாக்கி. அஞ்சாம் நாள் போனால் ஆச்சி மார்பினைத் தானே நிறுத்தியிருக்கிறார். 'வலியக்கூடத் தாங்கிருவேன், இந்த முறுக்கலத் தாங்க முடியல.' இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பேதி மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்க்கிறேன்.

மூணு வாரம் கழித்து ஏணி ஏறினேன். கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி சுவரில் சாய்ந்து, சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, தானே பின்னிக்கொண்டிருந்தார். பின்னல் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

'சிரிக்காதட்டி' என்றார்.