பழைய காரின் கியர் ஆயிலைத் தொடலாமா?

நேயர்களுக்கு வணக்கம். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் காதில் ஒரு பேச்சு அடிக்கடி விழும்: "இத்தனை வருஷம் மாத்தாத கியர் ஆயிலை இனிமே தொடாதீங்க, தொட்டா கியர்பாக்ஸ் படுத்துடும்." இந்தப் பயத்தில் எவ்வளவு நிஜம் என்று பார்ப்போம்.

இந்த ஆயில் வெறும் வழுவழுப்புக்காக ஊற்றப்படுவதில்லை. என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழியாக என்ஜினின் சுழற்சியைக் கடத்துவது இதுதான். அழுத்தத்தோடு பாய்ந்து கியரை மாற்றுவதும் இதுதான். க்ளட்ச் தட்டுகள் வழுக்காமல் கவ்வுவதற்கான சேர்மானமும் இதற்குள்ளேயே இருக்கிறது. சூடு ஏற ஏற அந்தச் சேர்மானம் செத்துப்போகும். நெரிசலில் ஊர்ந்தாலும், மலை ஏறினாலும், பாரம் இழுத்தாலும் சூடு ஏறத்தான் செய்யும். சில கார்களுக்கு 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் கையேட்டில் கடுமையான பயன்பாடு பற்றிய பக்கத்தைப் புரட்டினால், பல நேரம் அங்கே ஒரு கிலோமீட்டர் கணக்கு இருக்கும். கணக்கே இல்லாவிட்டாலும் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவதே நல்லது என்பேன்.

சரி, மாற்றியதும் கியர்பாக்ஸ் போன கதைகள்? அவற்றில் பலவற்றில் க்ளட்ச் தட்டுகள் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்திருக்கும். அந்தக் கோளாறுக்காகத்தான் ஆயிலையே மாற்றியிருப்பார்கள். தேய்ந்து தீய்ந்த தட்டுக்குப் புது ஆயில் மருந்தாகாது. பழி மட்டும் ஆயில் மேல் விழுகிறது. இன்னொரு காரணம், மெஷின் வைத்து அழுத்தத்தில் அடித்துப் பழைய ஆயிலை வெளியே தள்ளும் ஃபிளஷ். பல வருடம் படிந்து கிடந்த கசடு பெயர்ந்து, கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியின் குறுகலான துளைகளில் போய் அடைத்துக்கொள்ளலாம். பராமரிப்பே இல்லாமல் ஓடிய வண்டிக்கு இது வேண்டாம்.

வடித்து நிரப்புவதே பாதுகாப்பு. ஒருமுறை வடித்தால் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைதான் இறங்கும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். குறை என்று தோன்றும், ஆனால் பழைய வண்டிக்கு இதுவே நன்மை. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடியுங்கள், பிறகு இன்னொரு முறை. மாற்றம் மெல்ல மெல்ல நடக்கும்.

அடியில் இருக்கும் 'ஆயில் பான்' என்ற தொட்டியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே சிறு காந்தங்கள் இருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் மைபோலக் குழைவாக ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் கிடைத்தால், உள்ளே ஏதோ உடைகிறது. ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்தால் தட்டுகள் தீய்ந்திருக்கின்றன. வெளிறிய இளஞ்சிவப்பில் பால்போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. வண்டியை அதற்குமேல் ஒரு அடிகூட ஓட்டக்கூடாது.

எந்த ஆயில்? கையேடு சொல்லும் ரகம் மட்டும். சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத வகை) கியர்பாக்ஸுக்கு அதற்கென்று தனி ஆயில். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று நீட்டுவதை வாங்காதீர்கள்.

அளவு விஷயத்தில் நிறைய பேர் தவறுகிறார்கள். கூடினால் ஆயில் நுரைக்கும், நுரைத்தால் அழுத்தம் நிற்காது; குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றிவிட்டு, பிறகு சரிபாருங்கள். டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் கம்பி) உள்ள பெரும்பாலான வண்டிகளில் ஆயில் சூடேறிய பின், சமதளத்தில், என்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். சிலவற்றில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில் குறிப்பிட்ட வெப்பநிலையில் ஆயில் அளவு பார்ப்பதற்கென்றே உள்ள போல்ட்டைத் திறந்து பார்ப்பார்கள். அந்த வெப்பநிலை என்ன என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வேறு இடம் போங்கள்.

வீட்டிலேயே செய்பவர்களுக்கு ஒன்று: முதலில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், பிறகுதான் வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். மேலே மூடி இறுகிப்போய்த் திறக்காவிட்டால், காலி கியர்பாக்ஸோடு வண்டி அசையாமல் நிற்கும்.