மண்ணைப் பெயர்க்க முடியாது

அவையோருக்கு வணக்கம்.

சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கிற தட்சிணசித்ராவுக்கு, தென்னிந்தியாவின் பழைய வீடுகளைக் காட்டும் அருங்காட்சியகத்துக்கு, போய்வந்தேன் என்றதும் நண்பர் ஒருவர், "அதெல்லாம் செட்டு போட்ட வீடுங்கதானே?" என்றார். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எல்லாமே செட்டு இல்லை. கேரளப் பகுதியில் ஒரு சிரியன் கிறிஸ்தவர் வீடு நிற்கிறது. கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியில் 1850-இல் கட்டியது. மர வீடு. ஒரு மரத்தில் கழுந்து, மற்றொன்றில் துளை. கோத்தால் வீடு, கழற்றினால் மரம். அதனால்தான் தூணுக்கும் உத்தரத்துக்கும் எண் போட்டுப் பிரித்து, லாரியில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து மறுபடி கோக்க முடிந்தது. நெல் கொட்டி வைக்கும் மர அறையின் பலகையைத் தடவிப் பாருங்கள். கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருக்கும்.

செட்டிநாட்டில் பெரிய பெரிய வீடுகளை இடித்துத் தேக்குத் தூண்களை விலைக்குத் தள்ளிய காலத்தில், டெபோரா தியாகராஜனும் அவரோடு சேர்ந்தவர்களும் தொடங்கிய வேலை இது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திட்டம் வரைந்தார், இன்னொரு கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் கட்டி முடித்தார், 1996 டிசம்பரில் திறந்தார்கள். அவர்கள் கைவைத்திராவிட்டால் அந்த வீடுகளில் சில இன்று யார் வீட்டு வரவேற்பறையிலோ மேசைக் காலாக நின்றிருக்கும்.

ஆனால் மண் வீட்டை என்ன செய்வது? மரத்தைப் பெயர்க்கலாம், மண்ணைப் பெயர்க்க முடியாது. தொட்டால் உதிரும். ஆந்திரக் கடலோரத்து வட்ட வீட்டை, சுட்டில்லு என்பார்கள், அந்த ஊர் முறைப்படி புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. நண்பர் சொன்ன செட்டு இதுதான். என்னைக் கேட்டால், அங்கே உசத்தியான வீடும் இதுதான். மண் சுவர் மழைக்குக் கரையும், மறுபடி பூச வேண்டும். கூரை மக்கும், மறுபடி வேய வேண்டும். பூசவும் வேயவும் தெரிந்த கை இருக்கிற வரைக்கும்தான் அந்த வீடு. பழைய மரம் தானாக நிற்கும். இதற்கு ஆள் வேண்டும்.

விசாகப்பட்டினம் பக்கம் புயல் அடிக்கிற கரை. தட்டையான சுவர் இருந்தால் காற்று அறைந்து தள்ளும். வட்டச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கூரை விளிம்பு இடுப்பளவுக்கு இறங்கியிருப்பதும் காற்று உள்ளே புகுந்து தூக்காமல் இருக்கத்தான்.

என் அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கூரை வீட்டில் பிறந்தவர். குனிந்து உள்ளே போனவர் நிமிர்ந்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இதுல மூலையே இல்லியே. அடுக்குப் பானைய எங்க வெப்பாங்க?"

நான் படித்த எந்தக் கட்டடக்கலைப் புத்தகமும் அதைக் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா உள்ளங்கையைச் சுவரில் வைத்து, எடுக்காமலே, வீட்டை முழுசாகச் சுற்றி வாசலுக்கு வந்து நின்றார்.