ஸ்டெர்லிங் சுட்டிக்காட்டிய இரண்டு வீடுகள்

வணக்கம் நண்பர்களே. வர்ணனையின் ஒலியை அடைத்துவிட்டுத்தான் நான் கால்பந்து பார்ப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். சென்ற வாரம் அடைக்க மறந்ததன் விளைவுதான் இந்தக் காணொளி. எதிரணியின் பந்து எங்கே வரும் என்பதை முன்னதாகவே கணித்துக் குறுக்கிட்டுக்கொண்டிருந்தார் ஒரு கறுப்பினத் தடுப்பாட்டக்காரர். வர்ணனையாளரோ அவருடைய வேகத்தையும் உடல் வலிமையையும் மட்டுமே புகழ்ந்து தள்ளினார். மூளைக்கு ஒரு சொல் கிடையாது.

எரிச்சலில், இங்கிலாந்தின் கறுப்பின வீரர் ரஹீம் ஸ்டெர்லிங் நினைவுக்கு வந்தார். அப்போது அவர் மான்செஸ்டர் சிட்டி அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 2018 டிசம்பரில் லண்டன் அணியான செல்சியின் மைதானத்தில், பந்தை எடுக்கப் போன அவரை ரசிகர்கள் சிலர் முகத்துக்கு நேரே வசைபாடினார்கள். மறுநாள் அவர் இன்ஸ்டாகிராமில், இனவெறிக்குத் தூபம் போடுவதாகப் பழியைச் செய்தித்தாள்களின் பக்கம் திருப்பி, இரண்டு தலைப்புகளை அருகருகே வைத்துக் காட்டினார். இரண்டுமே மான்செஸ்டர் சிட்டியின் இளம் வீரர்களைப் பற்றியவை. இருவரும் வாங்கியது தாய்க்கு வீடு. வெள்ளையரான ஃபில் ஃபோடன், அம்மாவுக்கு 20 லட்சம் பவுண்டில் வீடு வாங்கிய பிள்ளையானார். கறுப்பினத்தவரான டோசின் அடராபியோவோ, வாரம் 25,000 பவுண்டு சம்பளத்தில், இங்கிலாந்தின் உயர்மட்டத் தொடரான பிரீமியர் லீக்கின் ஆட்டம் ஒன்றில்கூட முதல் பதினொருவரில் இடம்பெறாமலே, 22.5 லட்சம் பவுண்டு மாளிகைக்குப் பணத்தை வாரியிறைத்தவரானார். அந்தத் தலைப்பில் அம்மாவே இல்லை.

இந்த விலைக்கணக்கை என்னால் விடவே முடியவில்லை. வித்தியாசம் இரண்டரை லட்சம் பவுண்டு. அதில் எத்தனையாவது பவுண்டில் தாய்ப்பாசம் முடிந்து ஊதாரித்தனம் தொடங்குகிறது? ஃபோடனின் சம்பளத்தைத் தலைப்பில் போட ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

முன்பே சொல்லியிருக்க வேண்டும்: அதே ஆண்டு உலகக் கோப்பைக்கு முன்னால், ஸ்டெர்லிங் காலில் பச்சை குத்தியிருந்த துப்பாக்கிக்காகவும் பெரும் கூச்சல் எழுந்தது. தமக்கு இரண்டு வயதானபோது தந்தை சுட்டுக்கொல்லப்பட்டதையும், வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டதையும் அவர் ஊரறிய விளக்க வேண்டியதாயிற்று.

லிவர்பூல் ரசிகனான எனக்கு, 2015இல் அவர் சிட்டிக்குத் தாவியது இன்றும் கசப்புதான். அதற்காக அவருடைய தோல் நிறத்தை வம்புக்கு இழுக்க எனக்கு என்ன உரிமை?

2021 ஜூலையில், ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோவின் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாகா மூவரும் பெனால்டியைத் தவறவிட்டார்கள், இனவசை கொட்டியது. என்ன வரப்போகிறது என்பது அந்தக் கணமே தெரிந்துவிட்டதாக 19 வயது சாகா பின்னர் எழுதினார். 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக, இங்கிலாந்தின் வெள்ளையரான ஹாரி கேனும்தான் பெனால்டியை வானத்துக்கு அடித்தார். திட்டு வாங்கியது அவருடைய உதை மட்டுமே.