புட்டத்தில் எரியும் வலி: நரம்பைத் தேடிச் செல்லும் மின்தூண்டல்

[திரையில்: பின்புறத்திலிருந்து இடுப்பு. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு சிவப்புக் கோடாகத் தெரிகிறது.]

இடுப்பு வலி தொடங்கி 3 மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறது. மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. ஆனாலும் குனிந்து நிமிர்ந்தால் ஒரு பக்கப் புட்டத்தின் மேற்பகுதி எரிகிறது. உங்களுக்கும் இப்படி என்றால் ஒரு கேள்வி: வலி கிளம்பும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா?

விரல் இந்தச் சிவப்புக் கோட்டில் வந்து நின்றால், மேல் குளூனியல் நரம்புகளைச் சந்தேகிக்க வேண்டும். முதுகின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 7 சென்டிமீட்டர் தள்ளி, இவை எலும்பு விளிம்பைத் தாண்டிப் புட்டத்தின் தோலுக்கு இறங்குகின்றன. தாண்டும் இடத்தில் எலும்புக்கும் தடித்த திசுவுக்கும் நடுவே வழி குறுகலானது. நரம்பு அங்கே நெருக்குண்டால் வலி புட்டமெங்கும் பரவும்; சிலருக்குக் காலுக்கும் இறங்கும். உடனே சயாட்டிகா (முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வழக்கமான முதுகு எம்.ஆர்.ஐ.யில் இந்த மெல்லிய நரம்பின் நெருக்கடி தெரிவதில்லை. படத்தை மட்டும் பார்த்துவிட்டு, வலிக்கும் இடத்தை அழுத்திப் பார்க்காமலே நோயாளியை அனுப்பிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

அல்ட்ராசவுண்ட் உதவியோடு அந்த நரம்பருகே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். வலி சில மணி நேரமாவது நன்றாக அடங்கினால் சந்தேகம் வலுக்கிறது. நரம்பருகே கம்பி வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் மின்தூண்டலைப் பற்றிப் பேச வேண்டியது அதற்குப் பிறகுதான்.

[திரையில்: ஊசி வழியாக நுழையும் மெல்லிய கம்பி]

1965-இல் வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: தொடுகையைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால், வலிச்செய்தி தண்டுவடத்திலேயே தடுக்கப்படுகிறது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துவிடுவதும் அதனால்தான். இரண்டு ஆண்டுகளில் வாலும் நரம்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்வீட்டும் நோயாளிகளின் நரம்புகளில் மின்சாரம் செலுத்தி வலியைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார்கள். முதலில் தங்கள் முகத்து நரம்பிலேயே சோதித்துப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்!

இன்றைய முறையில் கம்பியின் முனை நரம்பருகே வைக்கப்படுகிறது. மின்துடிப்பைத் தரும் சிறு கருவி உடலுக்கு வெளியே இருக்கலாம். ஒரு வகையில் 60 நாட்களில் கம்பியை இழுத்து எடுத்துவிடுவார்கள். இன்னொன்றில் கம்பி உடலுக்குள்ளேயே தங்கிவிடும்.

இவற்றிலிருந்து வேறுபட்டது ரீஆக்டிவ்8 என்ற, உடலுக்குள் பொருத்தும் கருவி. இது வலியை நேரடியாக அடக்க முயல்வதில்லை. முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் தசை, நாள்பட்ட வலியில் சரியாக இயங்காமல் போய்விடுகிறது. அதற்குச் செல்லும் நரம்பைத் தூண்டி, நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் வரை அந்தத் தசையைச் சுருங்கவைக்கிறது. மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் இதற்கு ஒப்புதல் தந்தது. ஆனால் 204 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவையும் தெரிந்துகொள்ளுங்கள். 120 நாட்களில், உண்மையான தூண்டல் பெற்றவர்களில் சுமார் 57 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க பலன். பெயரளவுக்கு மட்டும் தூண்டல் பெற்றவர்களில் சுமார் 47 சதவீதம் பேருக்கும் அதே பலன். இந்த வேறுபாடு புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. பின்னர் நீண்டகாலக் கண்காணிப்பில் பலரிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அப்போது ஒப்பிட்டுப் பார்க்க, உண்மையான தூண்டல் பெறாத குழு இல்லை. இதைச் சொல்லாமல் விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள்.

சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, பாதம் தொய்வது: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மின்தூண்டலுக்கு அங்கே வேலையில்லை.

[திரையில்: தோலுக்கடியில் கம்பி]

கம்பி நகரலாம், முறியலாம், நுழைந்த இடத்தில் சீழ் பிடிக்கலாம். பொருத்திக்கொண்டவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கருவியின் விவர அட்டையைக் காட்ட வேண்டும். பிசியோதெரபி மையத்தில் டயதெர்மி (அலைகளைச் செலுத்தி உடலின் உட்பகுதியைச் சூடாக்கும் சிகிச்சை) கொடுக்க வந்தால் அதை மறுத்துவிட வேண்டும். அந்த அலை கம்பியைச் சூடாக்கி, சுற்றியுள்ள திசுவைச் சுட்டுவிடக்கூடும்.